மழைப் பிரியர்களுக்காக

பெர்கனில் மழை கேட்க
யாரும் சந்தா கட்டுவதில்லை.
நான் கட்டுகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே
ஒன்பதாம் நாளாகக் கொட்டுகிற அசல் மழையில்
இல்வா தூங்க மாட்டாள்.
போனுக்குள் பெய்ய வேண்டும்.
தகரக் கூரையில், மிதமாக, இடி இல்லாமல்,
பத்து மணி நேரம்.
கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவன்
முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பான்.

ஏழு மாதமாக இதுதான்.
அதற்கு முன் எனக்கென்று ஒரு காது இருந்தது.
டிராம்போன் பைத்தியம்.
மீன் கிடங்கில் ஹெட்போனைக் கழற்றாததற்காக
இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன்.
அந்த ஆளை இயந்திரம் மறந்துவிட்டது.
இப்போது திங்கள்தோறும் அது
பணிவோடு நீட்டுகிற பட்டியலில்
சலவை இயந்திரம் (சுழலும் கட்டம் மட்டும்),
ஒரு ஹேர் டிரையர்,
நீங்கள் இதையும் விரும்பலாம் என்று
இன்னொரு ஹேர் டிரையர்.

நேற்று அதிகாலை மூன்றே முக்கால்.
தோருன் மருத்துவமனையில், இரவுப் பணி.
இல்வா என் தோளில், கன்னம் சுட.
அடுத்த அழுகைக்கு அவள் மூச்சை இழுத்த இடைவெளியில்
மழை முடிந்து
அடுத்த மழை தொடங்கியது.

இந்த மழைக்குள் யாரோ இருந்தார்கள்.

முதலில் ஒரு இருமல்.
பிறகு கித்தார், ஒரு கம்பி சுருதி இறங்கி.
பிறகு அவள்.
என்ன மொழியோ.
ஒரு சொல்லில் நாக்கு
அண்ணத்தை இரண்டு முறை தொட்டுத் திரும்பியது,
அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.
கூரை ஒழுகுகிற அறை.
சொட்டு தரையில் விழுந்துகொண்டே இருந்தது, டப், டப்.
இரண்டாம் சரணத்தின் நடுவில்
யாரோ செருப்பு தேய நடந்துவந்து
வாளியை நகர்த்திவைக்க
சொட்டு தகரத்தின் குரலுக்கு மாறியது.
அவள் பாட்டை நிறுத்தவில்லை. சிரித்தாள்.
அந்தச் சிரிப்பும் தாளத்துக்குள்ளேயே விழுந்தது.

இல்வா இழுத்த மூச்சை
வெளியே விட மறந்துபோனாள்.

திரையைத் தேய்த்துப் பார்த்தேன்.
படத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் இல்லை.
மாதக் கேட்பாளர்கள்: அறுபத்து மூன்று.

இயந்திரமே, உனக்குப் பாட்டு கேட்டிருக்காது.
ஒழுகுகிற கூரைதான் கேட்டிருக்கும்.
மழை என்று எண்ணி
மழைக்காரனிடம் தள்ளிவிட்டாய்.
இருக்கட்டும்.
ராங் நம்பரில் வந்த குரலோடு
விடிய விடியப் பேசியவர்கள் உண்டு.

பதினோரு முறை கேட்டோம்.
தூக்கமா? அது எப்போதோ போயிற்று.
வாளி வரும் இடம் நெருங்கினால்
அவள் என் காது மடலைப் பிடித்துக்கொள்வாள்.

ஆறரைக்குத் தோருன் வந்தாள்.
"இவள் இன்னுமா முழிச்சிருக்கா?"
பாதிக் கோபம், மீதிக்குத் தெம்பில்லை.
மழைச்சட்டையைக் கொக்கியில் மாட்டினாள்.
அது மரத்தரையில் சொட்டத் தொடங்கியது.
டப்.
இல்வா போனை விட்டுவிட்டு
அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள்.
டப்.
என் காது மடலைப் பிடித்தாள்.

நான் வாளி எடுக்க எழுந்தேன்.