பதினைந்தாவது கோடு

சந்தவாசல் செக்‌ஷனில் அப்போது நான் லைன்மேன்.
ஆடி மழைக்குப் பிறகு மல்லாட்டைக் கொல்லையெல்லாம்
கம்பளிப்பூச்சி.
ராத்திரியில் அவை தின்கிற சத்தம்
தூறல் மாதிரி கேட்கும்.

மருந்தடிக்க ஹெலிகாப்டர் வரும் என்றார்கள். வந்தது.
பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியதும்
மூன்றாம் வகுப்புக் கூரையில் பாதி ஓலை போய்விட்டது.
ஓட்டி வந்தவர் குடகுக்காரர், கேப்டன் மந்தப்பா.
ஒல்லியான ஆள். மூக்குப்பொடி போடுவார்.

"உங்க கம்பியெல்லாம் வரைஞ்சு குடுங்க" என்றார்.
மளிகைக் கடை காலண்டரின் பின்பக்கம்
பதினான்கு கோடு போட்டேன்,
கண்ணமங்கலம் பீடரை மட்டும் சிவப்பில்.
பெருமையாக வேறு சொன்னேன்:
"விடியறதுக்குள்ள சுவிட்சை இறக்கிடுவேன் சார்.
ஒரு கம்பியிலும் உயிர் இருக்காது."

அவர் பொடி டப்பாவை மூடினார்.
"உங்களுக்குத்தான் அது செத்த கம்பி.
கரண்ட் இருக்கா இல்லையான்னு நான் கேட்கலை.
அது அங்க இருந்தாலே எனக்குப் போதும்."

கம்பி கண்ணுக்குத் தெரியாதாம்.
புதிதில் ஒரு பருவம் மின்னும்,
அப்புறம் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும்.
அதனால் அவர் தேடுவது கம்பத்தை.
ஒன்று தெரிந்தால் அடுத்தது எங்கே என்று பார்ப்பார்,
இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்பதாக வைத்துக்கொள்வார்.
பன்னிரண்டு வருஷம் அந்தச் சுவர்களில் ஏறி இறங்கியவன் நான்.
எனக்கு இது தோன்றியதே இல்லை.

மறுநாள் விடியலில் காற்றில்லை.
வரப்பில் வெள்ளைக் கொடியோடு என்னை நிறுத்தினார்கள்.
வெள்ளை எங்கே ஆடுகிறதோ அங்கே வருவார்,
ஒரு பனை உயரம்கூட இல்லாமல்,
முகத்தில் வெயில் அறைய, கிழக்குப் பார்த்து.
ஒரு வரிசை முடிந்தால் நான் இருபது எட்டு தள்ளி நிற்க வேண்டும்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதுக்குத் தள்ளி நின்றபோதுதான்
எனக்கு முன்னால் அந்த இரண்டு பனைகளைப் பார்த்தேன்.

கன்னியப்பன் கிணற்றுக்குப் போகிற லைன்.
"இன்னா லைன்மேன், உங்க கம்பம் வர்றதுக்குள்ள
எங்கரும்பு வெறகாப் பூடும்" என்று போன தையில் வந்து நின்றான்.
மனசு கேட்காமல் செய்தேன் என்று சொல்லலாம்.
ஒரு மூட்டை மல்லாட்டையும் வாங்கினேன்.
கம்பமில்லாமல், பனைக்குப் பனை நானே இழுத்துக் கட்டினேன்.
ரிஜிஸ்டரில் இல்லை. அதனால் காலண்டரிலும் இல்லை.
கம்பத்தைத் தேடி வருகிறவருக்கு
அங்கே இரண்டு மரம்.

சத்தம் திரும்பி வந்தது.
கொடியைத் தூக்கித் தலைக்கு மேல் ஆட்டினேன்,
வராதே, வராதே.
ஆட்டிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது,
வெள்ளை ஆடினால் வா என்று அர்த்தம்.
கொடியை வீசினேன். வேட்டியை அவிழ்த்தேன்.
அதுவும் வெள்ளை.
அப்புறம் குப்புற விழுந்தேன், பூச்சிகளின் நடுவே.
காதுக்குள் ஒரு ரைஸ்மில் ஓடியது.
மருந்து முதுகில் கொட்டியது.
பிறகு சத்தம் மேலே போயிற்று.
மேலேயே போயிற்று.

இறங்கியதும் அவர் என்னைத் தேடிவரவில்லை,
தண்ணீர் கேட்டார். சொம்பு பல்லில் தட்டியது.
"பனையில என்னமோ வெள்ளையா, காப்பிக் கப் மாதிரி.
காப்பிக் கப்பிலயா கள்ளு எறக்குவாங்கன்னு நெனச்சேன்.
நெனைக்கும்போதே கை இழுத்திடுச்சு."
நான் கட்டிய பீங்கான்.

காலண்டரை வாங்கி, என் பென்சிலாலேயே
பதினைந்தாவது கோட்டை அவரே போட்டார்.
யார் கட்டியது என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே கம்பியை அறுத்துச் சுருட்டினேன்.
கன்னியப்பன் கிணற்று மேட்டில் நின்று பார்த்தான்.
பூச்சி செத்தது. கரும்பு காய்ந்தது.
கம்பம் அடுத்த சித்திரையில் வந்தது.
எதிரே வந்தால் அவன் இன்றும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

ஆபீஸ் தராசில் வைத்தேன், கம்பிச் சுருள் ஒன்பது கிலோ.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று
ஸ்டோர்கீப்பர் கேட்டார்.
என் உடம்பில் மருந்து வாடை ஒரு வாரம் போகவில்லை.