இருபத்திரண்டாம் பல்

ஷோப்ரோனில் ரொட்டிக்கடையைவிட
பல் ஆஸ்பத்திரி அதிகம்.
எல்லைக்கு அந்தப்பக்கம் விலை கட்டுபடியாகாமல்
ஆஸ்திரியர்கள் பேருந்தேறி வருகிறார்கள்,
வாயைப் பொத்தியபடி.

அவர்களுக்குப் பல் செய்கிறவள் நான்.
பின்னறை, வடக்கு ஜன்னல்.
பீங்கான் மாவைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு ஏற்றி
உலையில் வைத்தெடுத்தால்
பல்லுக்கு ஒரு நாள்.
என் கடைவாயில் ஓர் ஓட்டை உண்டு.
கிறிஸ்துமஸுக்குத் தின்ற கசகசா ரொட்டி
புதுவருடம் வரை அதில் குடியிருக்கும்.
சம்பளத்தில் ஆறு வாரம் சேர்த்தால் அடைக்கலாம்.
சேர்ந்தபாடில்லை.

திருகு வைப்பது டாக்டர் கெலெமென்.
டைட்டானியம், சுண்டுவிரல் நக நீளம்.
வைத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார்.
எலும்பு யோசிக்க வேண்டுமல்லவா?
எவனோ ஒருவன் நடுவீட்டில் வந்து நிற்கிறான்,
துரத்துவதா, தூணாக்கிக்கொள்வதா?
ஒட்டிக்கொண்டால்
தட்டும்போது மணி போலக் கேட்கும்.
இல்லையென்றால் மரக்கட்டை.

ஐஸன்ஷ்டாட்டிலிருந்து ஆல்வின் புக்னர்,
கூரை வேய்கிறவர், ஏணி சறுக்கிப் பல் போனவர்,
அக்டோபரில் திருகு வைத்த கையோடு
என் மேஜைக்கு வந்தார், பழைய புகைப்படத்துடன்.
"வெள்ளை வேண்டாம்.
இந்த மூலையில் ஒரு சில்லு போயிருக்கணும்."
எட்டு வயதில், பனியில், சறுக்குவண்டியில் விழுந்ததாம்.

உடைந்த பல் கேட்டு வந்தவர்
இருபது வருடத்தில் அவர் ஒருவர்தான்.
மூன்று முறை உடைத்தேன்,
மூன்றும் வேண்டுமென்றே உடைத்தது போலிருந்தது.
நாலாவதில்
ரேடியோவைக் கேட்டுக்கொண்டே கைதவறியதில்
சரியாக வந்தது.

ஜனவரியில் கெலெமென் தட்டினார்.
பின்னறை வரை கேட்டது, மணி.
பிப்ரவரி ஒன்பது என்று தேதி குறித்தோம்.

பிப்ரவரி பதினாறில் மகள் வந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை.
பில்லை நீட்டினாள், முழுப்பணம் கட்டியது.
"அப்பாவோட பல்லைக் கொடுங்க."
அவர்?
"இதயம். கூரைமேல் இல்லை. குளியலறையில்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
முன்பல் அத்தனையும் இருந்தும்
எனக்குச் சொல் வரவில்லை.
நான் அறிந்த ஜெர்மன்
நிறம், அளவு, மெல்லக் கடியுங்கள்.
அவ்வளவுதான்.

டப்பியைத் திறந்து காட்டினேன்.
விரல்நுனியால் மூலையைத் தடவினாள்,
தடவிக்கொண்டே இருந்தாள்.
"இதுதான்" என்றாள்.
கைக்குட்டையில் முடிந்துகொண்டு
நன்றிகூடச் சொல்லாமல் போனாள்.
சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

திருகு அவரோடு மண்ணுக்குப் போயிற்று.
எலும்பு உதிர்ந்தபின்னும் அது கிடக்கும் என்றார் கெலெமென்,
கையைத் துடைத்தபடி,
ஏதோ உத்தரவாதச் சீட்டு படிப்பவர் போல.

பதிவேட்டில் 'பொருத்திய நாள்' என்ற கட்டம் இருக்கிறது.
அதில் கோடு போட்டேன்.
அடுத்த சீட்டு லின்ஸிலிருந்து. எட்டுப் பல்,
இருப்பதிலேயே வெளுத்த வெள்ளை.
மாவைக் குழைக்க உட்கார்ந்தேன்.
என் நாக்கு தன்பாட்டுக்குக் கடைவாய்க்குப் போய்
ஓட்டையைத் தொட்டுவிட்டு வந்தது.