சில

அமாவாசைக்கு மறுநாள், மாகிமில் முதல் லோக்கல்.
மீன்கூடைப் பெட்டியில் ஏறிக்கொள்வேன்.
என் ரப்பர் பூட்ஸைப் பார்த்ததும்
சுமன்பாய் கூடையை இழுத்து இடம் விடுவாள்.
"இன்றைக்கு எவ்வளவு இறங்கும்?"
ஓத அட்டவணை என் கைபேசியில் இருக்கிறது,
இருந்தும் கேட்பேன்.
முழங்காலுக்குக் கீழே கை வைத்துக் காட்டுவாள்.
அட்டவணைதான் சில நாள் தப்பும்.

கார் தண்டாப் பாறைகள்.
கடல் விலகி நிற்கும் ஒன்றரை மணி நேரம் என் அலுவலகம்.
கல்யாண வீடுகளில் கேட்பார்கள்: ஆழ்கடலா?
கணுக்கால் அளவு என்றால்
பந்தியில் பக்கத்து இலைக்குத் திரும்பிவிடுவார்கள்.
என் படங்களில் நீலம் கிடையாது.
ஆறிப்போன டீ நிறத்தில் தண்ணீர்,
ஷாம்பு பாக்கெட், பிள்ளையாரின் ஒரு கை,
அந்தக் கையின் விரலிடுக்கில்
நகக்கண் அளவு ஒரு கடல்நத்தை, ஊதா விளிம்போடு.
பதினோரு வருடம். ஏழு ஹார்ட் டிஸ்க்.
தாராவி வீட்டில் அரிசி டப்பாவுக்குள் இருக்கின்றன,
மழையில் ஈரம் ஏறாமல்.

போன தையில் அவளைப் பார்த்தேன்.
பேய்க்கணவாய் என்பார்கள் தூத்துக்குடிப் பக்கம்.
பேய்த்தனம் ஒன்றும் இல்லை.
பாறைக்கு அடியில் முல்லைச் சரம்போல முட்டைகள்,
ஒவ்வொரு சரமாகத் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தாள்.
பௌர்ணமிக்குள் வெளுத்து இளைத்திருந்தாள்.
பக்கத்தில் நண்டு நடந்து போனது,
கை நீட்டவில்லை.
அடுத்த அமாவாசைக்குப் பொந்து காலி.
இரண்டு நிமிடம் காலிப் பொந்தையும் எடுத்தேன்.
ஏன் என்று தெரியாது.

அங்கேதான் படகுத்துறை வரப்போகிறது.
அறிக்கை, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு:
"குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதுமில்லை."
பொதுவிசாரணையில் எனக்கு நான்கு நிமிடம் தந்தார்கள்.
திரையில் அவள் ஊதிக்கொண்டிருந்தாள்,
மின்விசிறி நிழல் அவள்மேல் சுற்றிக்கொண்டிருந்தது.
மேடையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"இது எந்த நாடு, மேடம்?"
இங்கிருந்து ரிக்‌ஷாவில் அறுபது ரூபாய் சார்.
பின்வரிசையில் ஹர்ஷல் வைத்தி சிரித்தான்,
வலைக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது.
படகுத்துறை வரும்.
மூன்றாம் தூண் எட்டு மீட்டர் தள்ளி வரும்.
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்
"ஏதுமில்லை" இருந்த இடத்தில்
"சில உயிரினங்கள்".

பதினோரு வருடத்துக்கு இரண்டு எழுத்து.
ஹர்ஷல் பெடா வாங்கி வந்தான்.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, தின்றேன்.

மறு அமாவாசை.
அதே பாறை. டார்ச்சை வாயில் கவ்வியபடி குனிந்தேன்.
சில என்றால் எத்தனை?
கொட்டலசு நீங்கலாக எண்ண ஆரம்பித்தேன்,
பொந்துக்குள் புதிதாகக் குடிவந்த நண்டிலிருந்து.
நூற்றுப் பதினாறில்
தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கியது.