முப்பத்தொன்றாம் பெட்டி

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு எதிரே
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ்,
மை தீர்ந்து பத்து நாளான பிரிண்டர்.

ஓசூர் கம்பெனியில் ஹெல்ப்பர் வேலை.
ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படிவம்,
ஆறு பக்கம், நாற்பத்திரண்டு பெட்டி.
சென்னம்மா சொல்லச் சொல்லத் தட்டினேன்.
பிறந்த தேதி இரண்டு இருந்தது அவளுக்கு;
பள்ளிக்கூடம் எழுதியதைப் போட்டோம்.
உயரத்துக்கு
என் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள்.
முப்பத்தொன்று: வாரிசுதாரர்.
"திம்மராயப்பா."
உறவுமுறை?
"கட்டுனவரு."

சேமி என்பதை அழுத்தினேன்.
சிரித்த முகம் ஒன்று குறுக்கே வந்து நின்றது.
நிரப்புவது இலவசமாம்,
வைத்துக்கொள்வதற்குத்தான் சந்தா.
மாதம் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
அவள் இரண்டரை நாள்
அழுகலையும் காயையும் பிரித்துப் போட்டால் வருகிற காசு.

"ஆக்கலாம், திங்கக் கூடாதுங்கிறான்"
என்றாள்.
மூடித் திறந்தேன்.
நாற்பத்திரண்டும் வெள்ளை.

இரண்டாம் முறை எனக்கே மனப்பாடம்.
அப்பா பெயர், அஞ்சல் குறியீடு,
இடது முழங்கையில் ஒரு தழும்பு.
முப்பத்தொன்றில் அவள் வரவில்லை.
நான் திரும்பிப் பார்த்தேன்.
"பையன் பேரப் போடு. நாகேசு."
வயது பதினொன்று என்றதும்
காப்பாளர் யார் என்று
புதுப் பெட்டி ஒன்றை விரித்தது படிவம்.
கர்சர் அதில் நின்று துடித்தது.
இருவருக்கும் தெரிந்த பெயர்தான்.
அவள் வாய் திறப்பதற்குள்
கரண்ட் போய்விட்டது.

இருட்டில்
லாரி ஒன்று பின்னால் வரும் பீப் பீப்.
யாரோ கிரேடு அடுக்கி எண்ணுகிறார்கள்,
நாற்பது, நாற்பத்தொண்ணு.
"பெங்களூருல நல்லாத்தான் இருக்காரு," என்றாள்,
நான் எதுவும் கேட்காமலே.
"போன மாங்கா சீசனுக்கு வந்தாரு."
இது எந்தச் சீசன் என்று
நான் கணக்குப் போடவில்லை.

வெளிச்சம் வந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து.
அவளே இப்போது எனக்கு முந்திச் சொல்லிக்கொண்டு போனாள்,
முப்பத்தொன்றையும் நிற்காமல்.
"கெம்பம்மா."
அக்காவா?
"இல்ல."
உறவுமுறைக்கு வரிசையாய்ச் சொற்கள் இறங்கின:
கணவர், மகன், மகள், தாய், தந்தை,
எல்லாவற்றுக்கும் அடியில்
மற்றவை.
"குழுக் கடன்ல என் தவணைய
நாலு மாசம் கட்டுனவ.
அதுக்கு என்ன பேரோ, அதப் போடு."
மற்றவை என்று போட்டேன்.

சேமி பக்கமே போகவில்லை.
கை சும்மா இராமல் அச்சிடு என்பதைத் தொட்டது.
செத்துக் கிடக்கும் என் பிரிண்டருக்குக் கீழே
எந்த மேசையிலும் இல்லாத இன்னொரு பிரிண்டர்:
கோப்பாக அச்சிடு.
இத்தனை வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது.
அழுத்தினேன். தாள் நகரவில்லை, சத்தம் இல்லை.
என்ன பெயர் என்று மட்டும் கேட்டது.
சென்னம்மா கடைசி, என்று கொடுத்தேன்.

திறந்து பார்த்தோம்.
பெட்டிகளைக் காணோம்.
எழுத்துகள் தாளோடு தாளாய் ஒட்டிவிட்டன.
எங்கே சொடுக்கினாலும் கர்சர் கால் வைக்கவில்லை.
"இனிமே இதுல மாத்த முடியாதுக்கா."
"அந்தச் சிரிச்ச மூஞ்சி?"
"வரல."

ஏஜெண்டுக்கு அனுப்பினேன்.
இரண்டு டிக் விழும்வரை
என் தோளுக்கு மேல் குனிந்தே இருந்தாள்.
"காகிதமே வரலியே, எவ்வளவு?"
தட்டினதுக்கு முப்பது என்றேன்.
ஐம்பதை நீட்டினாள். என்னிடம் சில்லறை இல்லை.

"மீதி இருக்கட்டும்.
நாளைக்குக் கெம்பம்மா வருவா, இதே படிவத்துக்கு."
படியேறி வெயிலுக்குப் போனவள்
குனிந்து மறுபடி எட்டிப் பார்த்தாள்.
"முப்பத்தொண்ணுல அவ யாரச் சொல்றான்னு
எங்கிட்டச் சொல்லிராத."