பனி, வெள்ளம், கிஃப்ட்

கொழிஞ்சாம்பாறையில் இரவு இரண்டேகால்.
ஒன்பதாம் படுக்கையின் டிரிப்ஸ்
என்னைவிட ஒழுங்காக
எண்ணிக்கொண்டிருக்கிறது.
லிஜி சீட்டை நீட்டுகிறாள்.

கை?
ஹான்ட்.
விரல்?
ஃபிங்கர்.
இதுக்கா அம்பதாயிரம் ஃபீஸ் என்கிறேன்.
இங்கிலீஷ்தானே இது,
கொஞ்சம் சளி பிடித்த இங்கிலீஷ்.

சிரிக்காதே, அடுத்ததைப் பார் என்கிறாள்.
தண்ணீர் அங்கே வாஸர்.
வாட்டரில் ட இருந்த இடத்தில்
ஸ உட்கார்ந்திருக்கிறது,
பாகம் பிரிக்காத வீட்டில் பங்காளி மாதிரி.
மகள், டோஹ்டர்.
இங்கிலீஷ்காரி எழுத்தில் மட்டும் வைத்துக்கொண்டு
வாயில் தொலைத்துவிட்ட நடு ஒலியை
இவள் இன்னும்
தொண்டையில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.
டச்சுக்காரனுக்கும் கை ஹான்ட்தானாம்,
ஸ்வீடன்காரனுக்கும்.

எனக்கு இது புதிதில்லை.
கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம் மலை,
இந்தப்பக்கம் மல.
பஸ் நிற்கும் ஐந்து நிமிஷத்தில்
தலை தல ஆகும், இலை இல ஆகும்.
வாலில் இருந்த ஐயை
எந்தப் போலீஸ் இறக்கி வைத்தானோ,
யாரும் ரசீது கேட்டதில்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த புதிதில்
ஆலத்தூர்க்காரர் ஒருவர் பனி என்றார்.
ஃபேனை நிறுத்தி
கம்பளி போர்த்திவிட்டு வந்தேன்.
நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல்.
டாக்டர் திட்டியது
எந்த மொழியிலும் புரிந்திருக்கும்.
அதே மனிதர் விடியற்காலை
வெள்ளம் என்று முனகினார்.
ஜன்னலைத் திறந்து
மழை வருகிறதா பார்த்தேன், சத்தியமாக.

அந்நியர் சொல் தெரியாது என்றாவது தெரியும்.
உறவுக்காரர் சொல்
தெரிந்ததுபோலவே இருக்கும்.
ஊசி மாறிப்போவது அங்கேதான்.

கிஃப்ட், என்கிறாள் லிஜி.
பரிசு.
தெற்று!
சீட்டைத் திருப்பிக் காட்டுகிறாள்:
நஞ்சு.
ஒரே வேர்தானாம், கொடுத்தது என்று பொருளாம்.
அக்கா
பொதிந்து கொடுத்ததை வைத்துக்கொண்டாள்,
தங்கை
டம்ளரில் கொடுத்ததை.

ஒன்பதாம் படுக்கைக்காரர் புரண்டு படுக்கிறார்.
தக்காளியை ரோட்டில் கொட்டிய மாசம் இது.
வியாழக்கிழமை அவரைத் தூக்கி வந்தபோது
மனைவி கனகவல்லி சொன்னது மூன்றே வார்த்தை:
மருந்து குடிச்சிட்டாருங்க சிஸ்டர்.
பயிற்சிக்கு வந்த திருச்சூர்ப் பெண்
மருந்து குடிச்சால் நல்லதல்லே என்றாள்.
அதற்குள் நான் டியூபை எடுத்திருந்தேன்.
அகராதி பார்க்க நேரமில்லாத சொல் அது.

ஜெர்மன்காரியைப் பார்த்து இனி நான் சிரிக்க முடியாது.
எங்களுக்கும் ஒரே பாட்டிலில்தான் இரண்டும்.

செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ்.
அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
செருப்பைத் தேடுவதுபோல்
குனிந்தே இருந்தார்.
கனகவல்லி மட்டும் திரும்பி வந்து
ஒரு பெட்டியை மேஜையில் வைத்தாள்.
பளபளக்கும் தாள், ரோஸ் ரிப்பன்,
மூலையில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்:
கிஃப்ட்.

லிஜி என்னைப் பார்த்தாள்.
நான் லிஜியைப் பார்த்தேன்.
நீ முதல்ல, என்றேன்.

உள்ளே இஞ்சி மரப்பா.
மென்றுகொண்டே அடுத்த சீட்டை எடுத்தாள்: இங்வர்.
இது நம்முடையதாச்சே என்றேன்.
இது உறவில்லை, கைமாற்று என்றாள்.
எப்போதோ இந்தக் கரையில் கப்பலேறி
எத்தனையோ வாய்க்குள் நுழைந்து
இப்போது நம்மிடமே ஃபீஸ் வாங்குகிறது.

சனிக்கிழமை பரீட்சை.
எந்தப் பெயர் ஆண், எந்தப் பெயர் பெண்
இன்னும் மண்டையில் ஏறவில்லை.
அங்கே சூரியன் பெண்ணாம், நிலா ஆணாம்,
போகட்டும்.
கிஃப்ட் மட்டும்
முதல் தடவையே மனதில் நின்றுவிட்டது:
அது ஆணுமில்லை பெண்ணுமில்லை,
அஃறிணை.