கதவு எண்

கொலாஜன் இருக்கும் இடம் நீலமாகும்.
தஞ்சாவூர் ஆய்வகத்தில்
எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம்.

பதினாலாம் கண்ணாடி: முழங்கால் குருத்தெலும்பு.
குறிப்பில், நடவு வேலை, முப்பது வருஷம்.
நீலம் வெளிறி
தண்ணீர் எட்டாத கடைமடை மாதிரி
வெடிப்பு வெடிப்பாய்.

பதினைந்து, நுரையீரல்.
ரைஸ்மில் தூசி.
இங்கே நீலம் கரை உடைத்திருக்கிறது.
காயத்தைத் தைக்க வந்த நார்
தைத்து முடித்தும் போகவில்லை,
மூச்சையும் சேர்த்துத் தைக்கிறது.

இந்தப் பக்கம் மதகுக்கு ஒரு லஸ்கர் உண்டு,
ஏற்ற, இறக்க.
செல்லுக்குள் அந்த ஆள் யார்?
நாலு வருஷமாய்த் தேடுகிறோம்.
எலிகளில் ஒருமுறை கிடைத்த மாதிரி இருந்தது.

படிவங்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன்:
சூசையம்மாள். சவரிராசு.
பேராவூரணி, ஒரே தெரு,
ஒரே கதவு எண்.