பதினோராம் தளம், மலைப் பக்கம்

ரியெக்கா துறைமுகத்துத் தானியக் குதிருக்கு
இதுநாள்வரை ஜன்னல் கிடையாது.
கோதுமை எதை வேடிக்கை பார்க்கப் போகிறது?

இப்போது வரப்போகிறவர்கள் பார்ப்பார்களாம்.
அவர்களுக்காக நூற்றிப் பதினெட்டு ஓட்டைகள்
சுவரில் சுண்ணாம்புக் கோட்டால் குறித்திருக்கிறது.
முப்பது சென்டிமீட்டர் கான்கிரீட்.
வைரம் பதித்த கம்பி, தண்ணீர்க் குழாய்,
நான், பெப்போ.
ஒரு ஜன்னலுக்கு நாலு மணி நேரம்,
கம்பி அறாமல் இருந்தால்.

கப்பல் தளத்தில் பதினாறு வருடம்
இரும்பை ஒட்ட வைத்துக்கொண்டிருந்தேன்.
தளம் மூடியது.
வெட்டக் கற்றுக்கொள்ள ஆறு வாரம்.
வெட்டுவதற்குத்தான் கூலி அதிகம்.

வட்டமான அறையில்
கட்டிலை எந்த மூலையில் போடுவார்கள்
என்பது பெப்போவின் கவலை.
மூலையே இல்லையே என்கிறான்,
மூன்று நாளாக அதையேதான் சொல்கிறான்.
விளம்பரத் தாளில் வீடுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்:
பார்லி, கம்பு, சோளம்.
சோளத்துக்கு இரண்டு குளியலறை.

உள்ளே கல்லாகிப்போன மாவு வாடை.
கம்பி ஓட ஓட
சாம்பல் நிறப் பால்
சுவரில் இறங்கி என் காலணிக்குள் வந்தது.
கடைசி விரற்கடை அறுபட்டதும்
சங்கிலி ஒரு முறை முனகியது.
ஒரு டன்னுக்குச் சற்று மேல்
கதவைப்போல உள்பக்கம் சாய்ந்து வந்தது.

வெளிச்சம் நுழைந்தது.
சும்மா நுழையவில்லை,
எதிர்ச்சுவரில் போய் முட்டி நின்றது.
அங்கே கறுப்பு மையில் அளவுக் குறிகள்:
இருபத்தாறு மீட்டர், இருபத்தேழு, இருபத்தெட்டு.
எழுதியவன் காலத்துக் கொடி வேறு.
அதற்குப் பின் வந்த கொடியும் போயாயிற்று.
மீட்டர் மட்டும் மீட்டராகவே இருந்தது.
தூசி எழும்பி, தெரிந்தது வெட்கமாகி,
இறங்க மறந்து நின்றது.

நான் வெளியே தலையை நீட்டினேன்.
ரயில் தண்டவாளம். துருப்பிடித்த பாரந்தூக்கி.
மேட்டில் எங்கள் அடுக்ககங்கள் ஐந்தும்
பல் துலக்காமல் நின்றன.
மூன்றாவது கட்டிடம், எட்டாவது மாடி,
பச்சைத் தார்ப்பாய்:
என் பால்கனி.

காலையில் போட்ட துணி.
மலையிறங்கி வருகிற பூரா காற்று
பெயருக்கேற்றபடி பூராவையும் கொண்டுபோகிற காற்று.
ஒரே ஒரு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது
எங்கள் படுக்கை விரிப்பு.

போன் அடித்தேன். தார்யோ, விரிப்பு.
உள்ளாடையோடு வந்தான்.
பார், குதிரைப் பார், கையசைக்கிறேன் என்றேன்.
அவன் கடலைப் பார்த்தான்.
அதில் எங்கே ஜன்னல் என்றான்.
இப்போதுதான் வைத்தேன் என்றேன்.

கோர்டானா வந்தாள்,
தலைக்கவசமும் வெள்ளைக் காலணியுமாக.
ஓட்டையில் எட்டிப் பார்த்தாள்.
இது மலைப் பக்கமா,
இதைக் கொஞ்சம் விலை குறைத்துத்தான் விற்க முடியும்,
என்று தனக்குத்தானே சொன்னவள்
எங்கள் பக்கம் திரும்பி,
"அந்தக் கட்டிடங்களை ஒன்றும் செய்யப் போவதில்லை,
யாரையும் காலி செய்யச் சொல்ல மாட்டோம்" என்றாள்.

யாரும் கேட்கவில்லை.
பெப்போ கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
அப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே,
அந்தக் குரல்.
அவள் நின்றிருந்ததும் குதிருக்குள்தான்.

மரங்கள் வைப்போம் என்றாள் பிறகு.
உயரமான மரங்கள்.
எவ்வளவு உயரம் என்றேன்.
பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

வெட்டியெடுத்த பாளத்தை
நொறுக்கிச் சாலைக்குப் போடுவார்கள்.
அதன் ஓரத்தில் தானியம் ஒன்று
கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.
விட்டுவிட்டேன், அடுத்த ஜன்னல் காத்திருந்தது.

இன்று காலை வேலைக்குக் கிளம்புமுன்
அலமாரியிலிருந்து சிவப்புப் போர்வையை எடுத்து
துவைக்காமலே காயப்போட்டேன்.
நாலு கிளிப்.